அலும்னி: முன்னாள் மாணவரா, பழைய மாணவரா?

ஒரு பல்கலைக்கழகத்தில் பயின்று வெளியேறியவர்களையும், அவர்கள் அமைக்கும் சங்கத்தையும், அச்சங்கம் திரட்டும் நிதியையும் குறிக்க ‘அலும்னி’ என்னும் சொல்லைப் பெரும்பாலும் பெயர்க்காமலே வழங்கி வருகிறோம். இலத்தீனில் ‘அலும்னுஸ்’ ஒருமை. ‘அலும்னி’ அதன் பன்மை. பெண்ணைக் குறிப்பது ‘அலும்னா’. ஆகவே ஒருவரை ‘அலும்னி’ என்பதும் பலரை ‘அலும்னிகள்’ என்பதும் மூலமொழி இலக்கணத்துக்குப் பொருந்தா. (உலோகத்தை நினைவூட்டும் ‘அலுமினி’யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.)

ஊட்டுதல், வளர்த்தல் எனப் பொருள்படும் ‘அலேரே’ என்னும் வினையிலிருந்து பிறந்த இச்சொல் முதலில் குறித்தது மாணவரை அன்று, வளர்ப்புப் பிள்ளையை. பெற்றோரால் கைவிடப்பட்டுப் பிறர் வீட்டில் வளர்ந்த குழந்தையையும் உரோமானியர் இப்பெயரால் அழைத்தனர். பயின்ற கல்விக்கூடத்தைக் குறிக்கும் ‘அல்மா மாட்டர்’ என்னும் தொடருக்கு ஊட்டி வளர்க்கும் தாய் என்பது பொருள். அதிலுள்ள ‘அல்மா’வும் இதே வேரிலிருந்து கிளைத்ததே. 1088ஆம் ஆண்டில் தோன்றியதாக மரபுவழி சொல்லப்படும் இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகம் அத்தொடரைத் தன் பெயரிலேயே தாங்கியுள்ளது. பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இவ்வேர்ப்பொருளில் எங்கும் இல்லாமையால், ‘பட்டதாரி’ இதற்கு நிகரான சொல் ஆகாது. படிப்பை இடையில் நிறுத்தியவரும் அங்கு வளர்ந்தவரே.

வளர்ந்த பிள்ளை வளர்த்தவளைத் தாங்கும் செயல் அமைப்பு வடிவம் பெற்றதற்குத் தெளிவான சான்று 1821இல் கிடைக்கிறது. அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரித் தலைவர் மாணவர் சிலருடன் புதிய ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரிக்குப் பெயர்ந்து சென்றதால், வில்லியம்ஸ் நிலைக்குமா என்னும் ஐயம் எழுந்த வேளையில், அங்குப் பயின்றவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். கொண்டாட்டத்துக்காக அன்றி, நெருக்கடியில் தோள்கொடுக்கவே அது பிறந்தது என்பது கருதத்தக்கது. 1865 முதல் ஹார்வர்டின் மேற்பார்வைக் குழுவினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அங்குப் பட்டம் பெற்றவர்களுக்குக் கிடைத்தது. ஆண்டுதோறும் நன்கொடை திரட்டும் நிதியம் யேல் பல்கலைக்கழகத்தில் 1890இல் தொடங்கியது. இன்று உதவித்தொகை நிறுவுதல், இளையோருக்கு வழிகாட்டுதல், ஆண்டுவிழாவில் கூடுதல் எனப் பங்கேற்பு பல வகைப்பட்டுவிட்டது.

தமிழில் ‘முன்னாள் மாணவர்’ பரவலாக வழங்குகிறது. பிழையில்லாத சொல்தான், எனினும் ‘முன்னாள் அமைச்சர்’ என்பதில் போல, ஒரு நிலை முடிந்துபோனதையே அந்த அடைமொழி முன்னிறுத்துகிறது. ‘மேனாள் மாணவர்’ என்பதும் இதே குறையுடையது. ஈழத்தில் நெடுங்காலமாக வழங்கும் ‘பழைய மாணவர்’ என்பதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. பழைய துணி, பழைய பாத்திரம் என்னும் வழக்குகளைக் காட்டி இதை மறுப்பார் உண்டு. ஆனால் பழைய நண்பர் நட்பை இழந்தவர் அல்லர்; நெடுநாள் உரிமை பெற்றவர். திருக்குறளின் 81ஆம் அதிகாரத்துக்குப் ‘பழைமை’ என்னும் தலைப்பு அமைந்ததும், அச்சொல்லுக்கு நாள்பட்ட நட்பின் உரிமை என்னும் பொருள் இருப்பதனாலேயே. மாணவர் என்பது இருபாலுக்கும் பொதுவாக நிற்பதால், இலத்தீனின் பால் சிக்கலும் இங்கு எழுவதில்லை. பழைய மாணவர் சங்கம், பழைய மாணவர் நிதி, பழைய மாணவர் கூடல் என இச்சொல்லிலிருந்து தொடர்களும் இடர்ப்பாடின்றி அமைகின்றன.