துரை, கணக்கப்பிள்ளை, துண்டு: உள்வலைக்கு ஒரு சான்றளிப்பு அதிகாரம்

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் ஒரு காலத்தில் ‘துண்டு’ என்றொரு காகிதம் இருந்தது. ஒரு தோட்டத்துத் தொழிலாளி இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய வேண்டுமானால், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவரை விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டத்தின் துரை, அதாவது நிர்வாகி, எழுதிக்கொடுத்த துண்டு கையில் இருக்க வேண்டும். ஆளைக் கட்டிப்போட்ட காகிதம் அது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்தது நல்லதாயிற்று. ஆனால் அது எப்படிச் செல்லுபடியானது என்று பாருங்கள். புதிய துரைக்கு வந்த ஆளைத் தெரியாது. துண்டில் இருந்த கையெழுத்தைத் தெரியும்.

ஒரு சேர்வர் தான் சொல்லும் பெயருக்கு உரியதுதான் என்று உலாவிக்குக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழும் இந்த வழியில்தான் செல்லுபடியாகிறது. அதற்குள் ஒரு பெயர், அந்தப் பெயருக்குரிய, எவருக்கும் காட்டக்கூடிய பொதுச்சாவி, எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை என்ற தவணை, வழங்கியவர் யார் என்ற விவரம் எல்லாம் இருக்கும். இவை முழுவதையும் ஷா-256 என்ற கணக்கில் போட்டு 256 பிட் சுருக்கம் எடுத்து, சான்றளிப்பு அதிகாரம், அதாவது சி.ஏ., யாருக்கும் காட்டாத தன் தனிச்சாவியால் அதில் ஒப்பமிடுகிறது; அந்த ஒப்பத்தை அதன் பொதுச்சாவியால் எவரும் சரிபார்க்கலாம். உள்ளே ஒரு எழுத்தை மாற்றினாலும் சுருக்கம் வேறாகிவிடும், ஒப்பம் பொருந்தாது.

ஒரு தேயிலைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். மேற்பிரிவிலும் கீழ்ப்பிரிவிலும் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒவ்வொரு டெப்லெட். நிறுத்த கிலோ கணக்கு அலுவலகத்து சேர்வருக்குப் போகிறது. சேர்வரின் முகவரி 192.168 என்று தொடங்கும் உள்முகவரி. இப்படிப்பட்ட முகவரிகளுக்கும் வலைக்குள் மட்டும் வழங்கும் பெயர்களுக்கும், உலாவிகள் ஏற்கெனவே நம்பும் பொதுச் சி.ஏ. எதுவும் சான்றிதழ் தராது. 2015 நவம்பரோடு அந்தக் கதவு மூடப்பட்டது. சொந்த டொமைன் பெயர் இருந்தால், பெயரை முகவரியாக்கும் டி.என்.எஸ். வழியாக அதை நிரூபித்து, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற பொதுச் சி.ஏ.விடம் 90 நாள் சான்றிதழ் இலவசமாக வாங்கலாம். இணையம் ஒழுங்காகக் கிடைக்கும் இடத்தில் அதுவே மேல். கிடைக்காத இடத்தில் சொந்தமாக ஒரு சி.ஏ. வைக்க வேண்டியதுதான். சான்றிதழே வேண்டாம், உலாவி காட்டும் எச்சரிக்கையைத் தட்டிவிட்டுப் போகலாம் என்பது மோசமான வழி. தினமும் அதைத் தட்டிப் பழகிய கை, நாளை வங்கித் தளத்தில் வந்தாலும் தட்டும்.

சொந்தச் சி.ஏ. என்றால் இரண்டு அடுக்கு வேண்டும். மேலே, கருவிகளில் பதிந்து நம்பவைக்கும் மூலச் சான்றிதழ், அதன் கீழ் இடைநிலைச் சான்றிதழ். துரை நிறுக்கும் இடத்துக்கு வந்து சிட்டை எழுதுவதில்லை. கணக்கப்பிள்ளையை நியமிக்கிறார், சிட்டையை அவர் எழுதுகிறார். மூலத்தின் சாவி வலையில் இணையாத ஒரு பழைய மடிக்கணினியில் பூட்டிக் கிடக்கும், வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் அதிகம். அன்றாட ஒப்பமெல்லாம் இடைநிலைச் சாவியுடையது. அது திருடுபோனால் மூலத்தை வைத்துப் புதிய இடைநிலை போடலாம். மூலமே போனால், ஒவ்வொரு கருவியாகத் தேடிப்போய்ப் பழையதை நீக்கிப் புதியதைப் பதிய வேண்டும்.

இதற்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருள் போதும். மூலத்துக்கு ஆர்எஸ்ஏ வகையில் 4096 பிட் சாவி, ஏஇஎஸ்-256 என்ற மறையாக்கத்தால் பூட்டி, நீண்ட கடவுச்சொல்லுடன். ஆயுள் 3650 நாள். ‘இது சி.ஏ.தான்’ என்ற குறிப்பும், சான்றிதழிலும் ரத்துப் பட்டியலிலும் ஒப்பமிடலாம் என்ற சாவிப் பயன்பாடும் கட்டாயக் குறியோடு இருக்க வேண்டும். இடைநிலைக்கு 1825 நாள், பாதை நீளம் 0. அந்தப் பூச்சியத்தை விட்டுவிடாதீர்கள். கணக்கப்பிள்ளை சிட்டை எழுதலாம், இன்னொரு கணக்கப்பிள்ளையை நியமிக்க முடியாது என்பதே அதற்குப் பொருள்.

ஒப்பமிடும் முன் அந்தப் பழைய மடிக்கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு பற்றரி செத்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் கிடக்கும். 2010 என்று நினைத்துக்கொண்டு அது போடும் பத்து வருடச் சான்றிதழ், பிறக்கும்போதே காலாவதி. கடிகாரம் சரியாக இருந்தும் காலை 8 மணிக்குப் போட்டது 02:30 என்று காட்டினால் பிழையில்லை. சான்றிதழுக்குள் இருப்பது உலகப் பொது நேரம், நாம் அதிலிருந்து ஐந்தரை மணி முன்னே. 1996இல் இரண்டு தடவை, 2006இல் ஒரு தடவை என்று இந்த நாடு கடிகாரத்தை மாற்றியபோதும் சான்றிதழ்களுக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் இதுதான்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. உங்கள் மூலத்தை ஒரு கணினியில் பதிந்துவிட்டால், அந்தக் கணினி அதை எல்லாப் பெயருக்கும் நம்பும். சாவி கசிந்தால், கையில் கிடைத்தவர் எந்த வங்கியின் பெயருக்கும் சான்றிதழ் போடலாம், அந்தக் கணினியின் உலாவி வாய் திறக்காது. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சி.ஏ.வுக்குள் ஊடுருவியவர்கள் கூகுள் பெயரிலேயே போலிச் சான்றிதழ் போட்டார்கள். அந்த நிறுவனம் சில வாரங்களில் திவாலானது. தொழில்முறையாக இதையே செய்தவர்களுக்கு அந்தக் கதி என்றால், அலுமாரிக்குள் மடிக்கணினி வைத்திருக்கும் நாம் எம்மாத்திரம்?

இதற்கு மருந்து ‘பெயர் வரம்பு’ என்ற நீட்சி, அதாவது சான்றிதழுக்குள் சேர்த்து எழுதும் கூடுதல் விவரம். அனுமதித்த டொமைன் தோட்டம்.இன்டர்னல் மட்டும் என்று ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டால், அதற்கு வெளியே உள்ள பெயருக்கு இந்தச் சாவியால் போட்ட சான்றிதழ் செல்லாது. ‘இன்டர்னல்’ என்ற முடிவை, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2024இல் உள்வலைகளுக்கென்றே ஒதுக்கிவிட்டது; ஆகவே வெளியே யாருடைய பெயரோடும் மோதாது. ஒரு நுணுக்கம்: டொமைனுக்கு மட்டும் வரம்பு போட்டால், 192.168 என்பது போன்ற ஐ.பி. முகவரிகள் வரம்பில்லாமலே இருக்கும். இரண்டு வகைக்கும் தனித்தனியே எழுத வேண்டும். மூலத்தில் உள்ள வரம்பை எல்லா மென்பொருளும் மதிப்பதில்லை என்பதால் இடைநிலையிலும் அதையே எழுதுங்கள்.

அடுத்து சேர்வருக்கான சான்றிதழ். இதற்கு பி-256 என்ற நீள்வளைய வகைச் சாவி போதும், சின்னது, வேகமானது. சேர்வரிலேயே சாவியை உருவாக்கி, சான்றிதழ் கேட்கும் கோரிக்கைக் கோப்பை மட்டும் இடைநிலையிடம் கொண்டுபோங்கள். சாவி சேர்வரை விட்டு வெளியே வரவே கூடாது. பெயரை ‘மாற்றுப் பெயர்’ என்ற நீட்சியில் எழுத வேண்டும். பழைய வழக்கப்படி பொதுப் பெயர் என்ற புலத்தில் மட்டும் எழுதினால் 2017இல் வந்த குரோம் 58 முதல் அது எண்ணப்படாது.

இங்கேதான் அரை நாள் வீணாகும். கோரிக்கையில் மாற்றுப் பெயரை ஒழுங்காக எழுதியிருப்பீர்கள், ஒப்பமிட்டு வந்த சான்றிதழில் அது இருக்காது. ஓப்பன்எஸ்எஸ்எல் கோரிக்கையில் உள்ள நீட்சிகளைத் தானாக எடுத்துப்போடுவதில்லை. நீட்சியை நகலெடு என்று சொல்லும் வழி பதிப்பு 3.0 முதல் ஒப்பமிடும் கட்டளையிலேயே உண்டு. ஆனால் அதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், ‘நானும் ஒரு சி.ஏ.’ என்று கோரிக்கையில் யாராவது எழுதியிருந்தாலும் அப்படியே நகலாகும். நீட்சிகளைத் தனிக் கோப்பில் நாமே எழுதிக் கொடுப்பது உத்தமம்.

பெயரைத் தமிழிலேயே வைக்கலாமா? .இலங்கை என்ற முடிவு 2010 முதல் இருக்கிறது, ஆசை நியாயமானதுதான். ஆனால் சான்றிதழுக்குள் டொமைன் பெயர் ஆஸ்கி எனும் அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதியில் மட்டுமே செல்லும். ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் மாற்று வடிவத்தைத்தான் எழுத வேண்டும்.

ஆயுள் 365 நாள் வைக்கலாம். ஐபோன் உள்ள இடத்தில் 825 நாளைத் தாண்டக் கூடாது, சொந்தச் சி.ஏ. போட்டதாக இருந்தாலும் ஆப்பிள் ஏற்காது. பொதுச் சி.ஏ.க்களின் தவணையோ 2029 மார்ச்சில் 47 நாளுக்கு இறங்குகிறது.

சேர்வரில் வைக்கும் கோப்பில் முதலில் சேர்வர் சான்றிதழ், அதன் கீழே இடைநிலை. மூலம் அதில் வேண்டாம், கருவிகளில் பதிவது அதைத்தான். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் மூலத்தைப் பதிய, அதன் கோப்புப் பெயரின் வால் ‘சிஆர்டி’ என்று இருக்க வேண்டும். ‘பெம்’ என்று விட்டால் ஓசையின்றி ஒதுக்கிவிடும். ஐபோனில் பதிந்த பிறகு, சான்றிதழ் நம்பிக்கை அமைப்புக்குள் போய் இன்னொரு தடவை இயக்க வேண்டும். ஆண்ட்ராய்ட் 7 முதல் நாம் பதியும் மூலத்தை உலாவி நம்பும், செயலிகள் தாமாக நம்புவதில்லை. நிறுக்கும் செயலியை எழுதியவர் அதற்குள் அனுமதி வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதே பெயர், அதே தொடர் எண்ணோடு சி.ஏ.வைப் புதிதாகத் தொடங்கினால் பயர்பாக்ஸ் தளத்தைத் திறக்கவே மறுக்கும். தொடர் எண்ணை 01, 02 என்று எண்ணாமல் குறைந்தது 64 பிட் தற்செயல் எண்ணாக விடுங்கள்.

தென்மேற்குப் பருவத்தில் மரம் விழுந்து கரன்ட் போகும் ஊர்களில் இன்னொரு வில்லங்கம் உண்டு. சேர்வராக ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியை வைத்திருந்தால் அதில் பற்றரிக் கடிகாரம் கிடையாது. கரன்ட் வந்ததும் கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்து ஓட்டத் தொடங்கும். இணையம் வந்தால் சரியாகிவிடும், ஆனால் டவரும் சேர்ந்தே படுத்திருக்கும். பையின் கடிகாரத்தை டெப்லெட்டுகள் பின்பற்றினால், அன்று காலை போட்ட புதுச் சான்றிதழ் அவற்றுக்கு ‘இன்னும் தொடங்காதது’. டிஎஸ்3231 கடிகாரத் தகடும் ஒரு சிஆர்2032 பற்றரியும் போட்டால் தீர்ந்தது. தொடக்க நேரத்தைக் கொஞ்சம் முன்தேதியிடுவதும் உதவும். லெட்ஸ் என்கிரிப்டே ஒரு மணி நேரம் பின்னால் வைத்துத்தான் தருகிறது.

எல்லாம் போட்டபின் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ‘எஸ்-கிளையன்ட்’ கட்டளையால் இன்னொரு கணினியிலிருந்து சேர்வரைத் தட்டிப் பாருங்கள், மூலக் கோப்பைச் சுட்டிக்காட்டி. கடைசியில் ஒரு எண் வரும். 0 என்றால் சரி. 9 என்றால் தவணை தொடங்கவில்லை, கடிகாரத்தைப் பாருங்கள். 10 காலாவதி. 21 வந்தால் பெரும்பாலும் சேர்வர் இடைநிலையை அனுப்பவில்லை. ‘கணினியில் திறக்கிறது, போனில் திறக்கவில்லை’ என்ற புகாரும் அநேகமாக இதுவே. 19 என்றால் மூலத்தையும் சேர்த்து அனுப்புகிறது, ஆனால் நீங்கள் சுட்டிக்காட்டிய கோப்பிலோ இந்தக் கணினியிலோ அந்த மூலம் இல்லை. 47 வந்தால் நீங்கள் போட்ட பெயர் வரம்பு வேலை செய்கிறது. பெயர் பொருந்துகிறதா என்பதை இந்தக் கட்டளை தானாகப் பார்ப்பதில்லை. பெயரைச் சரிபார்க்கும் தெரிவையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பார்க்கும், பொருந்தாவிட்டால் 62 வரும்.