அகழிக்கு அப்பால் கேட்கும் குளம்பொலி

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் தாய்மாமன், ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்கு என்னையும் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து அழைத்துச் சென்றார். கோட்டை அகழியை ஒட்டிய சாலையில் திடீரென்று வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "கேளுடா, குதிரை வருது" என்றார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, நீரின் மேல் மிதந்து வருவதைப் போல, தடதடவென்று ஒரு தாளம் கேட்கத் தொடங்கியது. அது சிறிது நேரம் கனத்து, பின்பு தேய்ந்து அடங்கியது. "ஆற்காட்டுலேர்ந்து வந்த வெள்ளைக்காரன் குதிரைப்படை. செத்தும் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கானுங்க" என்று சொல்லிவிட்டு மாமா மறுபடியும் மிதிக்கத் தொடங்கினார். என் கை மயிர் முழுவதும் குத்திட்டு நின்றது இன்றும் நினைவிருக்கிறது.

மாமா சொன்ன வரலாறு உண்மையானது. 1806 ஜூலை 10 அன்று, விடிவதற்குச் சில மணி நேரம் முன்பாக, இந்தக் கோட்டைக்குள் இருந்த சென்னை மாகாணக் காலாட்படையின் சிப்பாய்கள் ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் பிரிட்டிஷ் 69-ஆம் படைப்பிரிவின் வீரர்களுக்கும் எதிராக எழுந்தனர். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் கொல்லப்பட்டனர். செய்தி ஆற்காட்டை எட்டியதும், ரோலோ கில்லெஸ்பி தலைமையில் 19-ஆம் இலகு குதிரைப்படை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் விரைந்து வந்து கோட்டையை மீட்டது. அதன்பின் நடந்தது பழிவாங்கல்: அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்கள் வெளியே இழுத்துவரப்பட்டு, சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். அன்று இறந்த சிப்பாய்கள் ஏறத்தாழ 350 பேர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

இத்தனை சாவு நடந்த இடத்தில் ஏதோ ஒன்று தங்கியிருக்கும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அந்தக் கணக்கின்படி பார்த்தால், பழைய வட ஆற்காட்டு மாவட்டம் முழுவதுமே உறங்க முடியாத மண்ணாக இருக்க வேண்டும். 949-இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மீதிருந்தபடியே இராட்டிரகூடருடனான போரில் மாண்டான். 1749-இல் ஆம்பூர் அருகே ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் போர்க்களத்தில் விழுந்தார். 1781-இல் சோளிங்கரில் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதின. ஆம்பூரைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் எத்தனையோ இரவுகள் சென்றிருக்கிறேன். அங்கே குளம்பொலி கேட்டதாக ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. அகழியோரத்தில் மட்டும் ஏன் கேட்கிறது? இந்தக் கேள்விக்குள்தான் நமக்கு வேண்டிய அறிவியல் இருக்கிறது.

முதலில் காற்றைப் பார்ப்போம். ஒலியின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் அதில் ஒலி வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடுதலாகப் பயணிக்கும். பகலில், அதிலும் வேலூர்க் கோடையில், தரையை ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும். ஆகவே ஒலியலையின் அடிப்பகுதி முந்திக்கொண்டு, அலை முழுவதும் வானை நோக்கி வளைந்துவிடுகிறது; தொலைவில் எழும் ஓசை நம் தலைக்கு மேலே சென்றுவிடும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் இது தலைகீழாகிறது. தரை தன் வெப்பத்தை இழந்து குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான அடுக்கு ஒன்று படிகிறது. இப்போது அலையின் மேற்பகுதி முந்துவதால் ஒலி தரையை நோக்கி வளைகிறது. பகலில் ஒருபோதும் எட்டாத ஓசைகள் விடியலுக்கு முந்தைய வேளையில் காதருகே வந்து விழுவது இதனால்தான். அகழியின் அசையாத நீர்ப்பரப்பு ஒலியை உறிஞ்சாமல் நன்றாகத் திருப்பி அனுப்பும். அதன் மறுகரையில் நிற்கும் கருங்கல் மதிலும் அப்படியே. தரையிலும் நீரிலும் சுவரிலும் பட்டு வரும் ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காதால் சொல்ல முடியாது.

இன்னொன்றும் நடக்கிறது. காற்று உயர்ந்த சுருதிகளை விரைவாக உறிஞ்சிக்கொள்ளும், தாழ்ந்த சுருதிகளை விட்டுவைக்கும். அதனால் தொலைவைக் கடந்து வரும் சத்தத்தில், அது இன்னதென்று காட்டிக்கொடுக்கும் கூர்மையான கூறுகள் உதிர்ந்து, மொத்தையான அதிர்வும் தாளமும் மட்டுமே எஞ்சுகின்றன. அன்று நாங்கள் கேட்டது, காட்பாடிப் பக்கத்திலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்த சரக்கு ரயில் என்று இன்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அகழியோரம் வந்து சேர்ந்தபோது அதில் ரயில் என்ற அடையாளம் ஏறக்குறைய மிச்சமில்லை. இருந்தது தாளம் மட்டும்தான்.

அந்தத் தாளத்துக்குப் பெயர் வைத்தது மூளை. நம் மூளை காதில் விழுவதை அப்படியே பதிவு செய்வதில்லை; அடுத்து என்ன வரும் என்று ஓயாமல் ஊகித்து, வந்ததை ஊகத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறது. வரும் செய்தி தெளிவாக இருந்தால் ஊகம் தோற்கும். மங்கலாக இருந்தால் ஊகமே காட்சியாகவும் ஓசையாகவும் அமைந்துவிடும். 2001-இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில், 44 மாணவர்களுக்கு வெறும் இரைச்சலை மட்டும் ஒலிக்கவிட்டு, பலரும் அறிந்த ஒரு கிறிஸ்துமஸ் பாடல் இடையில் மெல்லக் கேட்கக்கூடும் என்று சொல்லிவைத்தார்கள். பாடல் ஒலிக்கவே இல்லை. ஆனாலும் 14 பேர் அதைக் கேட்டதாகத் தெரிவித்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. "குதிரை வருது" என்று மாமா சொன்ன அந்த நொடியில் எனக்கும் நேர்ந்தது இதுவே.

கண்ணின் கதை இன்னும் நுட்பமானது. பழைய கோட்டைகளிலும் போர்க்களங்களிலும் உருவம் கண்டவர்கள் கூறுவதில் ஒரு பொதுத்தன்மை உண்டு: ஓரக்கண்ணில் சாம்பல் நிறத்தில் யாரோ நிற்பது தெரிந்தது, திரும்பி நேராகப் பார்த்தபோது காணவில்லை. இது நம் விழித்திரையின் அமைப்பை அப்படியே விவரிக்கும் வாக்குமூலம். நிறத்தையும் நுணுக்கத்தையும் காணும் கூம்பு செல்கள் விழித்திரையின் நடுவில் நெருக்கமாக உள்ளன. அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கிய ஒளியில் வேலை செய்பவை குச்சி செல்கள். அவற்றுக்கு நிறம் தெரியாது, விளிம்பும் தெளிவாகத் தெரியாது. விழித்திரையின் நட்ட நடுவில் அவை அறவே இல்லை. இருட்டில் ஒரு பொருளை நேராகப் பார்ப்பது, அதைப் பார்க்கவே இயலாத இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவதற்குச் சமம். அமாவாசையை ஒட்டிய இரவில் மொட்டை மாடிக்குச் சென்று, மிக மங்கலான ஒரு நட்சத்திரத்தை முதலில் சற்று ஓரமாகவும் பிறகு நேராகவும் பாருங்கள். நேராகப் பார்த்தவுடன் அது அணைந்துபோகும், பார்வையை விலக்கினால் மீண்டும் முளைக்கும். குச்சி செல்கள் இருளுக்குப் பழகி முழுத்திறன் பெற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதையும், செல்போன் திரையை ஒருமுறை பார்த்தாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், டார்ச்சும் செல்போனுமாக இருட்டில் நடப்பவர் எவ்வளவு அரைகுறையான பார்வையோடு நடக்கிறார் என்பது புரியும்.

யாரோ பின்னால் நிற்கிறார்கள் என்ற உணர்வு இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அதில் கேட்பதும் காண்பதும் இல்லை, இருப்பது மட்டுமே தெரிகிறது. 2006-இல் சுவிட்சர்லாந்தில் ஓலாஃப் பிளாங்கே குழுவினர், வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக ஒரு பெண்ணின் மூளையில் இடப்பக்கம், பொட்டெலும்பு மடலும் உச்சி மடலும் சந்திக்கும் இடத்தை மின்சாரத்தால் தூண்டினார்கள். தூண்டிய போதெல்லாம் தனக்குப் பின்னால் ஒரு நிழல் மனிதர் தன்னைப் போலவே அமர்ந்திருப்பதாக அவர் கூறினார். நம் உடல் எங்கே, எப்படி இருக்கிறது என்பதைக் கணக்கிடும் பகுதி அது. கணக்கு பிசகும்போது நம் உடலையே மூளை இன்னொருவராக எண்ணிவிடுகிறது.

கேளா ஒலியை, அதாவது காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த ஒலியை, இதற்குக் காரணமாகக் காட்டுவோரும் உண்டு. இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர், தாம் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் ஒரு சாம்பல் உருவத்தைக் கண்டு நடுங்கினார். மறுநாள் அங்கே பட்டறைப் பிடியில் செருகி வைத்திருந்த வாள் தகடு தானாக அதிர்ந்ததிலிருந்து துப்புப் பிடித்து, ஒரு மின்விசிறி ஏறத்தாழ 19 ஹெர்ட்ஸ் அதிர்வை எழுப்புவதைக் கண்டுபிடித்தார். 19 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 18 மீட்டர். அதில் சரிபாதியான 9 மீட்டர்தான் அந்த அறையின் நீளம், ஆகவே அலை அங்கே நிலைகொண்டுவிட்டது. 1998-இல் அவர் எழுதிய கட்டுரை மிகவும் புகழ்பெற்றது. ஆனால் அதன் முடிவை எல்லா இடத்துக்கும் நீட்டுவதை நான் ஏற்கவில்லை. 2009-இல் கிறிஸ் ஃபிரெஞ்ச் குழுவினர் லண்டனில் ஒரு வெற்று அறைக்குள் 79 பேரைத் தனித்தனியே அனுப்பி, கேளா ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் மாற்றி மாற்றிச் செலுத்திப் பார்த்தார்கள். பலர் விசித்திர உணர்வுகளைத் தெரிவித்தார்கள். ஆனால் எது எப்போது செலுத்தப்பட்டது என்பதற்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. இங்கே ஏதேனும் நேரலாம் என்று சொல்லி அனுப்பியதே போதுமானதாக இருந்திருக்கிறது.

கருங்கல் பழைய ஓசைகளைப் பதிந்து வைத்திருந்து திரும்ப ஒலிக்கிறது என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் படிகம் அழுத்தத்தால் மின்னூட்டம் பெறும் என்பது மெய்தான். ஆனால் அந்தப் படிகத் துணுக்குகள் கல்லுக்குள் ஆளுக்கொரு திசையில் கிடப்பதால் அவற்றின் விளைவுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பதியவும் வழியில்லை, பதிந்தாலும் படித்தெடுக்க ஊசியில்லை.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பாலத்துக்கு அடியிலுள்ள பழைய நிலவறைகளில் ரிச்சர்ட் வைஸ்மன் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வு, என் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. எந்த அறைக்குப் பேய் அறை என்ற பெயர் உண்டு என்பதை அறியாதவர்களும் அந்த அறைகளிலேயே அதிகமாக விசித்திர உணர்வுகளைத் தெரிவித்தார்கள்; அறையின் அளவு, வெளிச்சம் போன்றவற்றோடு அது ஒத்துப்போனது. அதாவது அச்சத்தை இடம் தருகிறது, அதற்கு உருவத்தைக் கதை தருகிறது. ஆம்பூர்ச் சமவெளியில் நடந்த போர் கோட்டையில் நடந்ததைவிடச் சிறியதன்று; ஆனால் அங்கே ஒலியைத் திருப்பும் மதிலில்லை, நிழலை மறைக்கும் வளைவில்லை, "இங்கேதான் சுட்டார்கள்" என்று விரல் நீட்டிக் காட்டச் சுவருமில்லை. தக்கோலத்துக்கும் இதே நிலைதான்.

இங்கிலாந்தில் எட்ஜ்ஹில் என்னுமிடத்தில் 1642 அக்டோபரில் போர் நடந்தது. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அந்த வானில் படைகள் மீண்டும் மோதுவதைக் கண்டதாக இடையர்கள் கூறினர். விசாரிக்க வந்த அரசனின் அதிகாரிகளும், இறந்த தம் தோழர்களின் முகங்களை அங்கே அடையாளம் கண்டதாக அக்காலத் துண்டுப்பிரசுரம் சொல்கிறது. உறவும் நட்பும் செத்த துயரம் ஆறுவதற்கு முன் இருட்டில் நின்றவர்கள் அவர்கள். நம் பக்கத்தில் போரில் இறந்தவனுக்கு நடுகல் நட்டார்கள். செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்துக் கற்கள், விழுந்த வீரனின் பெயரோடு இன்றும் நிற்கின்றன. வேலூர்க் கோட்டைச் சுவரோரம் விழுந்த சிப்பாய்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் கிடையாது. மக்கான் சந்திப்பில் அவர்கள் அனைவருக்குமாக ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. ஊர் மனதில் மிஞ்சியது கில்லெஸ்பியின் குதிரைகள்தான் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

சில ஆண்டுகளுக்கு முன் மாமாவை அதே இடத்துக்கு, அதே நேரத்துக்கு அழைத்துச் சென்றேன். சத்தம் வந்தது. முடியும் தறுவாயில், மிக மெலிதாக, ரயிலின் ஊதல் ஒன்றும் கேட்டது. காற்று வளைவதையும் பாலாற்றுப் பாலத்தையும் பொறுமையாக விளக்கினேன். தலையசைத்துக் கேட்டுக்கொண்டார், மறுக்கவில்லை. சற்று நேரத்தில் இன்னொரு ரயில் வந்தது. "இப்போ எப்படிக் கேக்குது மாமா?" என்றேன். "ரயிலுதான், சரி. ஆனா குதிரையாத்தான் கேக்குது" என்றார். எனக்கும் அப்படியேதான் கேட்டது.