ரைம்ஸ் எல்லாம் சொல்றான், தண்ணி மட்டும் கேட்க மாட்டேங்குறான்

பேச்சுப் பயிற்சிக்குக் குழந்தையை அழைத்து வரும் பெற்றோரிடம் செல்போன் பற்றிக் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். சிலர் தயங்கித் தயங்கி, "தப்புதான் மேடம், கையில கொடுத்தாத்தான் நாலு வாய் இறங்குது" என்பார்கள். வேறு சிலர் பெருமையாகச் சொல்வார்கள்: "கார்ட்டூன் எல்லாம் கிடையாது மேடம், படிக்கிற வீடியோ மட்டும்தான்." எனக்குக் கவலை இந்த இரண்டாம் வகையினரைப் பற்றித்தான். தப்பு என்று தெரிந்தவர்கள் எடுத்துச் சொன்னால் மாறிவிடுகிறார்கள். பெருமைப்படுகிறவர்களுக்கு மாற வேண்டிய அவசியமே தெரிவதில்லை. அதனால் எங்களிடம் தாமதமாக வருகிறார்கள்.

அப்படி வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் முதலில் அசந்துதான் போவோம். இரண்டரை வயதில் "பர்ப்பிள்", "ட்ரையாங்கிள்" என்று அமெரிக்க உச்சரிப்பில் சொல்லும். இருபது வரை தப்பில்லாமல் எண்ணும். ஆனால் தாகம் எடுத்தால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அவள் கையைத் தண்ணீர் பாட்டில் மேல் வைக்கும். முகத்தைப் பார்க்காது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. பக்கத்து அறையில் வீடியோவின் பாட்டுச் சத்தம் கேட்டால் ஓடும். "எல்லாம் புரியுது, பேச்சுதான் வரல" என்பார் அப்பா. "அவங்க அப்பனே மூணு வயசுலதான் பேசினான்" என்று அடித்துச் சொல்வார் பாட்டி.

எத்தனை மணி நேரம் பார்க்கிறான், என்ன பார்க்கிறான் என்பதைத்தான் பெற்றோர் கணக்கில் வைக்கிறார்கள். அந்த நேரத்தில் வீட்டில் நடக்காமல் போனது என்ன என்று நான் கேட்பேன். குழந்தை காக்காவைக் காட்டி "கா" என்றால், "ஆமாண்டா, காக்கா! பறந்து போச்சு பாரு" என்று யாராவது பதில் சொல்ல வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பேச்சு வளர்கிறது. வீடியோவோ, பிள்ளை வாயைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அடுத்த பாட்டுக்குப் போய்விடும். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயதுக்குள் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரையும் அதேதான். வெளிநாட்டில் இருக்கும் தாத்தாவோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதற்கு விலக்கு உண்டு. அங்கே பதில் சொல்ல ஆள் இருக்கிறாரே!

இதன் மறுபக்கம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. போன் பார்த்தால் 'வர்ச்சுவல் ஆட்டிசம்' வருமாம், நிறுத்தினால் போய்விடுமாம். அப்படி ஒரு நோய் மருத்துவ வகைப்பாடுகளில் இல்லை. ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சி சார்ந்த வேறுபாடு. போன் கொடுத்ததால் வருவதில்லை. இந்த வதந்தியால் வீட்டில் பழி முழுவதும் அம்மா தலையில் விழுகிறது. இன்னொரு கெடுதல், "போனை நிறுத்திட்டோம், பார்ப்போம்" என்று மாதக்கணக்கில் காத்திருப்பது. போனை எடுத்துவிட்டு எல்லாரும் கூடிப் பேச ஆரம்பித்ததும் மளமளவென்று பேசிவிடும் பிள்ளைகள் உண்டு. அப்படிப் பேசாத பிள்ளைகளும் உண்டு. உங்கள் பிள்ளை இதில் எந்த ரகம் என்று வீட்டிலிருந்தபடி முடிவு செய்ய முடியாது.

ஆகவே போனை நிறுத்துவதும் பரிசோதனைக்குப் போவதும் ஒரே வாரத்தில் நடக்கட்டும். போனை எடுத்தால் சில நாட்கள் அழுகை இருக்கும், சாப்பாடும் குறையும். பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அவர் போன் வெளியே வந்துவிடும். பரிசோதனையில் முதலில் காது. ரைம்ஸ் கேட்கிறானே, காது நன்றாகத்தான் இருக்கிறது என்று அதைத் தவிர்க்க வேண்டாம். ஒரு வயதைத் தாண்டியும் விரல் நீட்டிக் காட்டாவிட்டாலோ, இரண்டு வயதில் "பால் தா", "அம்மா வா" போல இரண்டு சொல் சேராவிட்டாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மாவட்டங்களில் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து இயங்கும் டி.இ.ஐ.சி எனப்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதற்குக் கட்டணம் கிடையாது. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமும் இருக்கிறது.