இறக்கத்தில் வரும் தீய்ந்த வாடை

அரவேணுவில் எனக்கு டூவீலர் பட்டறை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற வண்டிகள் என் கடை வாசலைத் தாண்டித்தான் போகும். சீசனில் ஊட்டிக்கு ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்குகிறவற்றை இந்தப் பக்கமாகவும் திருப்பிவிடுவார்கள். அதனால் மே மாதத்தில் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே புகார்தான்: பிரேக் பிடிக்கவில்லை.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குஞ்சப்பனைக்குப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். கோவைப் பையன்கள். நாலு பைக், ஒரு ஸ்கூட்டர். நான் போனபோது ஸ்கூட்டரின் பின்சக்கரத்தில் ஒரு தம்பி பாட்டில் தண்ணீரைக் கவிழ்க்கப் போனான். "ஊத்தாதே தம்பி!" என்று கத்தினேன். பிரேக் அடங்கிய டிரம் என்கிற கொதிக்கிற வட்டக் கூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம், கோணிக்கொள்ளலாம். டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்துகிற லைனர் தீய்ந்த வாடை பத்தடி தள்ளியே அடித்தது.

அரை மணி நேரம் சும்மா உட்கார வைத்தேன். அப்புறம் கழற்றிப் பார்த்தால் லைனர் பாதிக்கு மேல் இருக்கிறது. கேபிளும் சரி. மாட்டி ஓட்டிப் பார்த்தேன், நறுக்கென்று நின்றது.

"அப்புறம் ஏன் பிடிக்கலீங்கண்ணா?"

"வர்றப்ப இன்ஜின் ஓடுச்சா?"

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இறக்கம்தானே என்று, பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஆஃப் செய்துவிட்டு உருட்டி வந்திருக்கிறார்கள்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 1,400 மீட்டர் கீழே இறங்குகிறோம். ஸ்கூட்டரும் இரண்டு பேரும் சேர்ந்து 240 கிலோ என்று வையுங்கள். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வருகிற சூடு, 10 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கக் காணும். எதிர்க்காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், இன்ஜின் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இன்ஜினை அணைத்துவிட்டால் அந்தப் பங்கும் ஒரு சாண்கூட அகலமில்லாத டிரம்முக்குள்தான் போக வேண்டும். லைனர் சூடேறினால் பிடி வழுக்கிவிடும்.

கியர் வண்டி என்றால் இந்த மேட்டை எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வளைவில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டாம். பிரேக்கை வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து விட்டுவிடுங்கள். வழி நெடுக லேசாகப் பிடித்தபடியே வருவதுதான் சூட்டைக் கிளப்புகிறது. ஸ்கூட்டரில் இன்ஜின் ஓடினாலும் வேகம் ரொம்பக் குறைந்தால் உள்ளே கிளட்ச் விட்டுவிடும். ஆக்சிலேட்டரை ஒரு நூல் திருகினால் மறுபடி பிடிக்கும். அப்படியும் ஸ்கூட்டரில் இன்ஜினின் பிடி குறைவுதான், நடுவில் இரண்டு முறை நிறுத்தி ஆறவிட வேண்டும்.

டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. அதை அழுத்துகிற பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 டிகிரி. கொதித்தால் உள்ளே ஆவி நிற்கும், லிவர் கைப்பிடிவரை வந்தும் வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால், "இப்ப எதுக்குண்ணா செலவு?" என்பார்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம், நல்ல விஷயம். ஆனால் அது சக்கரம் பூட்டாமல் காக்கும், சூட்டைக் குறைக்காது.

கூட்டமாக வருகிறவர்களுக்கு ஒன்று. முன்னால் போகிறவர் ஒருமுறை பிரேக் தொட்டால், ஐந்தாவது வண்டிக்காரர் மூன்று முறை தொடுவார். அந்த ஸ்கூட்டர் கடைசியில்தான் வந்திருக்கிறது. அதை இரண்டாவதாக வரச் சொன்னேன், நன்றாக ஓட்டத் தெரிந்தவரைக் கடைசிக்கு அனுப்பினேன். வளைவுகளில் ஒற்றை வரிசை, நடுவில் தாராளமாக இடைவெளி. ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. அது சட்டத்திலேயே இருக்கிறது, கெஞ்சிக் கேட்கிற சலுகையில்லை.

ஆறவிட நிறுத்துகிற இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை ரோட்டுக்கே வரும். பழ வாசனை வருகிற வளைவில் செல்ஃபி எடுக்க இறங்காதீர்கள். ஆட்கள் நடமாடுகிற டீக்கடை ஓரம் போதும்.

பையன்கள் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்து போன் செய்தார்கள். வழியில் இரண்டு இடத்தில் நின்றார்களாம். டிரம் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தாயா என்று கேட்டேன். "வெதுவெதுன்னுதான் இருக்குதுங்கண்ணா" என்றான் அந்தப் பாட்டில் தம்பி.