மார்கழியில் வாத்துக் கொட்டகையை இறுக மூடாதீர்கள்

போன மார்கழியில் கோபிப் பக்கம் வாய்க்கால் ஓரத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா விடிகாலையில் அழைத்தார். "ஏனுங்க டாக்டர், பனிக்கு ரெண்டு வாத்து போயிருச்சுங்க. மிச்சமும் வாயைப் பொளந்துட்டு நிக்குதுங்க."

போய்ப் பார்த்தால், கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய், இடுக்குகளில் சாக்கு. உள்ளே குனிந்ததும் கண் எரிந்தது. தார்ப்பாயின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. தரையில் உமி சேறாகிக் கிடந்தது. செத்த வாத்தை அறுத்துப் பார்த்தேன். நுரையீரலில் கடுகுபோல வெளிர்மஞ்சள் கட்டிகள். பூஞ்சைக் காளான் நோய். பாசத்தோடு போர்த்திய தார்ப்பாய் உள்ளே ஈரத்தைப் பூட்டிவைத்துவிட்டது.

வளர்ந்த வாத்துக்கு நம் ஊர்க் குளிர் ஒன்றும் செய்யாது. ஏரி உறையும் நாடுகளில் வாழும் காட்டு வாத்தின் வம்சம் அது. இறகுக்கு அடியில் அடர்ந்த தூவி இருக்கிறது. வாலடிச் சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்து உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். காலுக்கு இறங்கும் சூடான ரத்தம், மேலே ஏறும் குளிர்ந்த ரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிடுவதால் பாதம் வழியாக உடல் சூடு அதிகம் வீணாகாது. மணிலா வாத்து மட்டும் வேறு இனம். வெப்பமான அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்தது என்பதால் குளிர் அவ்வளவாக ஆகாது.

ஆனால் எச்சமும் தண்ணீரும் உமியில் ஊறினால் அமோனியா கிளம்பும், பூஞ்சையும் பிடிக்கும். வாத்து மூச்சு விடுவது தரையை ஒட்டித்தான். நாம் நின்றபடி மோந்தால் தெரியாது. உட்கார்ந்து, அதன் தலை உயரத்தில் மோந்து பாருங்கள்.

ஊதக்காற்று நேராக மேலே படாமல் கீழே இரண்டடிக்கு மறைத்தால் போதும். கூரைக்குக் கீழே ஒரு சாண் இடம் கம்பிவலையோடு திறந்தே இருக்கட்டும். தண்ணீர்ப் பாத்திரம் இரவில் உள்ளே வேண்டாம். தண்ணீர் இல்லாமல் தீவனம் மட்டும் இருந்தால் தொண்டையில் அடைக்கும், அதனால் இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். நனைந்த உமியை அன்றன்றே அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். சூட்டுக்காகக் கரி அடுப்பு வைக்கவே கூடாது. மூடிய இடத்தில் அந்தப் புகையே கொன்றுவிடும்.

குஞ்சுகளின் கதை வேறு. அவற்றுக்கு நிஜமாகவே குளிரும். முதல் வாரம் சுமார் 32 டிகிரி வேண்டும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். பல்பைச் சுற்றி ஒண்டினால் குளிர், விலகி ஓடினால் சூடு அதிகம். கோழியை அடைக்கு வைத்துப் பொரித்த குஞ்சுகள் தண்ணீரைக் கண்டதும் இறங்கிவிடும். நனைந்தால் விறைத்துவிடும். இறகு முளைக்கும்வரை குடிக்க மட்டும் தண்ணீர் கொடுங்கள்.

தீவன மூட்டையையும் பாருங்கள். ஐப்பசி மழையில் ஈரம் ஏறிய மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் மார்கழியில்தான் தொட்டிக்கு வரும். அவற்றில் பிடிக்கும் பூஞ்சையின் நஞ்சு ஈரலைத் தாக்கும். அதை வாத்தால் கோழி அளவுக்குக்கூடத் தாங்க முடியாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தது பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கால்தான். வாத்துக் குஞ்சுகளும் அதில் மடிந்தன. கட்டி தட்டியிருந்தாலோ மக்கல் வாசம் வந்தாலோ கொட்டிவிடுங்கள். காயவைத்தால் நஞ்சு போகாது.

அந்தத் தோட்டத்தில் அன்றே தார்ப்பாயை மேலே ஒரு சாண் அறுத்து, உமியை மாற்றினோம். மிச்சமிருந்த ஏழில் இன்னும் இரண்டு போயின. ஐந்து பிழைத்தன.