கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் கேமரா ஃபைலைப் பாருங்கள்

கல்யாண வீடியோ எடுப்பவர்களும் யூடியூப் சேனல் நடத்துபவர்களும் வீட்டிலேயே எடிட் செய்யக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறார்கள். பட்ஜெட்டில் பாதி கிராபிக்ஸ் கார்டுக்கே போய்விடுகிறது. அப்படியும் 4கே கிளிப்பை டைம்லைனில் போட்டால் திக்கித் திக்கி ஓடுகிறது என்ற புகார் ஓயவில்லை. பெரும்பாலும் கார்டில் கோளாறு இருக்காது. கேமரா பதிவு செய்த வகையைப் பிரித்து (டீகோட் செய்து) காட்டும் வசதி அந்தக் கார்டில் இருக்காது.

எச்.264, எச்.265 என்ற வீடியோ சுருக்க முறைகள் இரண்டிலும் வழக்கமாக எல்லா ஃபிரேமும் முழுப் படமாகப் பதிவாவதில்லை. அங்கங்கே ஒரு முழுப் படம், நடுவில் மாற்றங்கள் மட்டும். கர்சரை ஓரிடத்தில் வைத்தால், அந்த ஒரு ஃபிரேமுக்காகப் பக்கத்து ஃபிரேம்கள் பலவற்றையும் பிரித்தாக வேண்டும். இதற்கென்று சிப்பில் தனிப் பகுதி உண்டு. அது உங்கள் ஃபைலை ஏற்காவிட்டால் மொத்தச் சுமையும் பிராசசர் தலையில்தான்.

அதிகம் படுத்துவது 10 பிட் 4:2:2, அதாவது நிற விவரங்களைக் கூடுதலாக வைத்திருக்கும் பதிவு வகை. சோனி ஏ7 மார்க் 4, கேனான் ஆர்6 போன்றவற்றில் இந்த வகையில் எடுக்கலாம். என்விடியா ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை இதைப் பிரிக்காது. 2025இல் வந்த 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. ஆனால் இன்டெல் 11ஆம் தலைமுறை முதல், பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸே எச்.265 4:2:2 ஃபைலைப் பிரித்துவிடும். இதைத் தெரியாமல், விலை குறைவு என்று ஐ5-12400எஃப் வாங்குகிறார்கள். பெயரின் கடைசியில் உள்ள அந்த ‘எஃப்’, உள் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். எடிட்டிங்குக்கு எஃப் இல்லாததையே கேட்டு வாங்குங்கள்.

வாங்கினால் மட்டும் போதாது. தனிக் கார்டு போட்டதும் சில மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில் (மதர்போர்டின் செட்டிங்ஸ் திரையில்) போய் மறுபடி இயக்க வேண்டும். எடிட்டிங் மென்பொருளான அடோபி பிரீமியரில் பிரிஃபரன்ஸ், மீடியா பகுதியில் ஹார்டுவேர் டீகோடிங் டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு கிளிப்பை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் ‘வீடியோ டீகோட்’ வரைபடத்தைக் கவனியுங்கள். அது அசையாமல் இருக்க, பிராசசர் 90 சதவீதத்தைத் தொட்டால், ஃபைல் சிப்பிடம் போகவே இல்லை. ஃபைலின் வகை தெரியாவிட்டால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் பிட் அளவும் 4:2:2, 4:2:0 விவரமும் வரும்.

ரேம் 32 ஜிபி, 16 ஜிபி குச்சி இரண்டாக. ஒரே குச்சி போட்டால் ரேமின் வேகம் பாதியாகும், உள் கிராபிக்ஸுக்கு அது பெரிய இழப்பு. ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் இயக்காவிட்டால், பல 3200 ரேம்கள் அதைவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓடும்.

ஸ்டோரேஜில் கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமரா நொடிக்கு 100 மெகாபிட் பதிவு செய்கிறது என்றால் நொடிக்கு 12.5 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஹார்டுடிஸ்க் நொடிக்கு 150 எம்பி தருமே, மூன்று கேமராவுக்குப் போதுமே என்று தோன்றும். ஆனால் மூன்று ஃபைலுக்கும் மாறி மாறித் தாவுவதிலேயே அதன் நேரம் போய்விடுகிறது. நடப்பு வேலை என்விஎம்இ எஸ்எஸ்டியில் இருக்கட்டும், முடிந்தது ஹார்டுடிஸ்க்குக்குப் போகட்டும். மலிவான கியூஎல்சி (ஒரு செல்லில் நான்கு பிட் சேமிக்கும்) எஸ்எஸ்டிகளில் ஒரு தொல்லை: 200, 300 ஜிபி ஒரேயடியாகக் காப்பி செய்தால் முதலில் பறக்கும், கேஷ் எனும் வேகமான தற்காலிக இடம் நிரம்பியதும் ஹார்டுடிஸ்க்கைவிட மெதுவாகிவிடும்.

இப்போதைக்குப் புதிதாக எதுவும் வாங்க முடியாதவர்கள் பிராக்ஸி போடுங்கள், அதாவது எடிட் செய்யும்போது மட்டும் ஒரிஜினலுக்குப் பதிலாக ஓடும் இலகுவான நகல். புரோரெஸ் என்ற எடிட்டிங் ஃபைல் வகையில் 1080பி பிராக்ஸி போட்டால், அதில் ஒவ்வொரு ஃபிரேமும் தனியாக நிற்பதால் பழைய மெஷினிலும் தங்கு தடையில்லாமல் ஓடும். 25 ஃபிரேமில் மணிக்குச் சுமார் 17 ஜிபி பிடிக்கும். வேறு மென்பொருளில் உருவாக்கினால் ஃபிரேம் ரேட்டும் ஆடியோ சேனல் எண்ணிக்கையும் ஒரிஜினலோடு ஒத்திருக்க வேண்டும். ஆடியோ ஒத்துவராவிட்டால் பிரீமியர் அந்த பிராக்ஸியை இணைக்கவே மறுக்கும்.