வீட்டைப் பார்க்கும் முன் பள்ளி மாவட்டத்தைப் பாருங்கள்: நியூ ஜெர்சியிலிருந்து டாலஸுக்கு மாறுகிறவர்களுக்கு

நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து டெக்சஸின் டாலஸ் பக்கம் மாறிய தம்பி ஒருவர், ஃப்ரிஸ்கோவில் அபார்ட்மென்ட் எடுத்துவிட்டு, பெட்டிகளைக்கூடப் பிரிக்காமல் எனக்குப் போன் செய்தார். "அண்ணா, அட்ரஸ்ல ஃப்ரிஸ்கோன்னுதான் இருக்கு, ஆனா ஃப்ரிஸ்கோ ஸ்கூல்ல எடுக்க மாட்டேங்கிறாங்க." லீஸ் பதினைந்து மாதத்துக்குப் போட்டிருந்தார், நடுவில் உடைத்தால் இரண்டு மாத வாடகை அபராதம். வீட்டைக் காட்டியவர்களிடம் இது எந்தப் பள்ளி மாவட்டம் என்று இவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்த அபார்ட்மென்ட் இருந்தது லிட்டில் எல்ம் பள்ளி மாவட்டத்தில். லிட்டில் எல்ம் மோசம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவர் கணக்குப் போட்டு வாடகை கொடுத்தது வேறொரு மாவட்டத்துக்கு.

அமெரிக்காவில் அரசுப் பள்ளி உங்கள் ஊரோடு ஒட்டியதல்ல, கதவு எண்ணோடு ஒட்டியது. நாடு முழுக்கச் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன, கிட்டத்தட்ட ஒவ்வொன்றும் ஒரு குட்டி அரசாங்கம் மாதிரி. பெரும்பாலானவற்றுக்குத் தேர்தலில் ஜெயித்து வந்த போர்டு உண்டு, பல மாநிலங்களில் வரி போடும் அதிகாரமும் உண்டு, எல்லைக்கோடு எல்லாவற்றுக்குமே உண்டு. டெக்சஸில் அவற்றின் பெயரிலேயே 'இன்டிபென்டென்ட்' என்று வரும், அதாவது நகராட்சிக்குக் கட்டுப்படாதது என்று பொருள். அதனால்தான் ஃப்ரிஸ்கோ நகரத்துக்குள்ளேயே ஃப்ரிஸ்கோ, ப்ராஸ்பர், லிட்டில் எல்ம், லூயிஸ்வில் என்று நான்கு பள்ளி மாவட்டங்கள் கிடக்கின்றன. தலைகீழாகவும் நடக்கும், ஃப்ரிஸ்கோ மாவட்டத்தின் எல்லை ப்ளேனோவுக்குள்ளும் மெக்கின்னிக்குள்ளும் நீள்கிறது. நம் ஆட்கள் நிறைய இருக்கும் வேலி ராஞ்ச் இருப்பது இர்விங் நகரத்தில், பள்ளியோ கொப்பெல் மாவட்டம் அல்லது கேரல்ட்டன் மாவட்டம். நியூ ஜெர்சிக்காரர்களுக்கு இது புதிதாக இருக்கக் கூடாது, அங்கேயும் ப்ளெயின்ஸ்பரோவிலும் சவுத் பிரன்ஸ்விக்கிலும் குடியிருந்துகொண்டு தபாலில் மட்டும் 'பிரின்ஸ்டன்' என்று போட்டுக்கொள்கிறவர்கள் ஏராளம்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? வீடு தேடும் தளங்களில் காட்டும் பள்ளிப் பெயரை நம்பாதீர்கள், அவர்களே கீழே பொடி எழுத்தில் 'நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள்' என்று போட்டிருப்பார்கள். ஏஜென்ட்டிடம் "நல்ல ஸ்கூல் ஏரியாவா?" என்று கேட்டால் பெரும்பாலும் நழுவுவார். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், 1968ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டப்படி இனம் பார்த்து ஆட்களை ஒரு பகுதிக்குத் தள்ளிவிடுவது சட்டவிரோதம், பள்ளியைப் பற்றிப் பேசினால் அதில் போய் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் அவருக்கு. மாவட்டத்தின் சொந்த இணையதளத்தில் முகவரியைத் தட்டிப் பார்க்கும் வசதி இருக்கும். கதவு எண்ணையும் தெருப்பெயரையும் போட்டால் எலிமென்டரி, மிடில், ஹைஸ்கூல் மூன்றும் வரும். அத்தோடு விடாமல் அந்த எலிமென்டரியில் சேர்க்கையைக் கவனிக்கும் ரெஜிஸ்ட்ராருக்கே ஒரு போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள்: வரும் கல்வியாண்டில் இந்த முகவரி உங்களுடையதுதானா, என் பிள்ளையின் வகுப்பில் இடம் இருக்கிறதா, எல்லையை மாற்றும் பேச்சு ஏதாவது ஓடுகிறதா. மாவட்டத்துக்குள் உங்களுக்கு இடம் உறுதி, ஆனால் எதிர்த்த வீட்டுப் பிள்ளை போகிற அதே பள்ளியில் என்று உறுதி கிடையாது. வகுப்பு நிரம்பிவிட்டால் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்புவார்கள். வேகமாக வளரும் இடங்களில் புதுப் பள்ளி திறக்கும்போது எல்லையைக் கலைத்துப் போடுவார்கள். பழைய புறநகர்களில் பிள்ளைகள் குறைந்து பள்ளியையே மூடுவதும் உண்டு, ப்ளேனோ மாவட்டம் 2024இல் ஒரேயடியாக நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது.

இனி உரிமை. இதில்தான் நம்மவர்களுக்குத் தேவையில்லாத பயம் அதிகம். அந்த மாவட்டத்தில் குடியிருக்கிறீர்கள், பிள்ளைக்குப் பள்ளி வயது, அவ்வளவு போதும், கட்டணம் கிடையாது. சொந்த வீடா வாடகையா என்பது கணக்கே இல்லை. பெற்றோரின் வேலை விசாவை ஒட்டி எச்-4 விசாவில் வந்த பிள்ளைக்கும் குடியுரிமை உள்ள பிள்ளைக்கும் வித்தியாசம் இல்லை, எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவரின் எஃப்-2 பிள்ளைக்கும் இதே உரிமைதான். 1975இல் டெக்சஸ் ஒரு சட்டம் போட்டு, ஆவணமில்லாத பிள்ளைகளுக்கு மாநிலப் பணம் கிடையாது என்றது. டைலர் என்ற ஊரின் பள்ளி மாவட்டம் அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கேட்டது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆவணமே இல்லாத பிள்ளைக்கே கதவைச் சாத்தக் கூடாது என்னும்போது, விசா ஒப்புதல் கடிதமான ஐ-797ஐ கையில் பிடித்துக்கொண்டு நாம் நடுங்குவதில் அர்த்தமில்லை. சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்டு ஒரு கட்டம் இருந்தால் காலியாக விடலாம், எண் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது.

கவுன்டரில் கேட்பது: கையெழுத்திட்ட லீஸ், அந்த முகவரிக்கு ஒரு பில், பெற்றோரின் அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை, பழைய பள்ளி ரிப்போர்ட் கார்டு. லீஸில் கணவன் பெயர் மட்டும் இருந்து, வரிசையில் நிற்பது மனைவி என்றால் இழுத்தடிப்பு வரும், இரண்டு பேர் பெயரையும் போடச் சொல்லுங்கள், குடியிருப்பவர்கள் பட்டியலில் பிள்ளைகள் பெயரையும். டாலஸ் பக்கம் பெரும்பாலான இடங்களில் மின்சாரக் கம்பெனியை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும், முதல் கரண்ட் பில் வர ஒரு மாதம் ஆகும், அதுவரை கனெக்‌ஷன் கொடுத்ததற்கான கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள், பல இடங்களில் ஏற்பார்கள். பழைய பள்ளியின் காகிதங்கள் வரத் தாமதமானால் டெக்சஸில் 30 நாள் அவகாசம் உண்டு.

முதலில் நண்பர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அதையே சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரர் 'இவர்கள் என்னோடு இருக்கிறார்கள்' என்று நோட்டரி முன் எழுதிக் கொடுக்கும் படிவம் பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கிறது. இருக்காத வீட்டை இருப்பதாகக் காட்டுவதுதான் தப்பு. டெக்சஸில் சேர்க்கைப் படிவத்தில் பொய்த் தகவல் தருவது குற்றம், கூடவே அதுவரை படித்த நாட்களுக்குக் கட்டணமும் வசூலிக்கலாம். 2011இல் ஒஹாயோவில் ஒரு தாய், தன் தகப்பனார் முகவரியைக் காட்டிப் பிள்ளைகளைப் பக்கத்து மாவட்டத்தில் சேர்த்ததற்கு ஒன்பது நாள் சிறையில் இருந்தார். பிறகு ஆளுநர் தலையிட்டுக் குற்றத்தின் தரத்தைக் குறைத்தார், ஆனாலும் சிறையில் கழித்த நாட்கள் போனதுதானே.

வயதுக் கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் செப்டம்பர் 1 அன்று ஐந்து முடிந்திருந்தால்தான் கிண்டர்கார்டன். நியூ ஜெர்சியில் பல மாவட்டங்களில் அக்டோபர் 1, நியூயார்க் நகரத்திலோ டிசம்பர் 31 வரைக்கும். பிள்ளை பிறந்தது செப்டம்பர் 20 என்று வையுங்கள். எடிசனில் இந்த வருடமே சேர்ந்துவிடலாம், டாலஸ் வந்தால் இன்னொரு வருடம் டேகேர் பில். ஆனால் ஒரு வழி இருக்கிறது, வேறு மாநிலத்தின் அரசுப் பள்ளியில் கிண்டர்கார்டன் முடித்துவிட்டு வந்த பிள்ளையை ஆறு வயது ஆகாவிட்டாலும் டெக்சஸில் முதல் வகுப்பில் எடுப்பார்கள். அரசுப் பள்ளி என்பதைக் கவனியுங்கள், டேகேரில் முடித்த கிண்டர்கார்டனை இந்த விதி சொல்லவில்லை. இப்படி எல்லையில் பிறந்த பிள்ளை வைத்திருப்பவர்கள் மாறும் தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று ஆபீஸில் கேட்பது நல்லது.

தடுப்பூசியில் டெக்சஸ் ஹெபடைடிஸ் ஏ இரண்டு டோஸ் கேட்கும், நியூ ஜெர்சி கேட்காது. இரண்டு டோஸுக்கும் நடுவில் ஆறு மாதம் இடைவெளி வேண்டும், முதல் டோஸையாவது கிளம்புமுன் போட்டுவிடுங்கள்.

அப்புறம் வீட்டு மொழிப் படிவம். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு கேள்வி வரும், 'தமிழ்' என்று எழுதினால் பிள்ளையை வேறு வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயந்து, வீட்டில் ரசத்துக்குக்கூட இங்கிலீஷில் உப்புக் கேட்பதுபோல, 'இங்கிலீஷ்' என்று எழுதுகிறவர்கள் எனக்கே பல பேரைத் தெரியும். தமிழ் என்று எழுதினால் நடப்பது ஒரு தேர்வு, டெக்சஸில் நான்கு வாரத்துக்குள். நன்றாக ஆங்கிலம் பேசும் பிள்ளை அதிலேயே தேறிவிடும், விஷயம் முடிந்தது. தேறாத பிள்ளைக்கு மொழி உதவி கொடுத்தே ஆக வேண்டும் என்பது 1974இல் சான் பிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உதவி வேண்டாம் என்று பெற்றோர் எழுதித் தரலாம், ஆனாலும் தேறும் வரை வருடாந்தரத் தேர்வு தொடரும். சென்னையிலிருந்து வந்து ஒரு வருடமே ஆன பிள்ளைக்குப் பொய்யாக இங்கிலீஷ் என்று எழுதி அந்த உதவியைக் கெடுத்துவிடாதீர்கள்.

ஐஇபி, அதாவது சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்குப் பள்ளி எழுதித் தரும் தனித் திட்டம், இருக்கும் பிள்ளை என்றால் அதன் நகலைச் சாமான் லாரியில் ஏற்றாதீர்கள், கைப்பையில் வையுங்கள். கல்வியாண்டின் நடுவே மாநிலம் மாறினால், புது மாவட்டம் தன் மதிப்பீட்டை முடிக்கும் வரை, பழைய இடத்தில் கிடைத்ததற்கு ஈடான சேவையைத் தர வேண்டும். இது மத்திய சட்டம், 'முதலில் டெஸ்ட் பண்ணிவிட்டுப் பார்க்கலாம்' என்ற பதில் அங்கே செல்லாது. கூடுதல் திறமையுள்ள பிள்ளைகளுக்கான கிஃப்டட் வகுப்புக்கு இப்படிப் பொதுவான பாதுகாப்பு இல்லை, திரும்பத் தேர்வு எழுத வேண்டியிருக்கும்.

ரேட்டிங் விஷயத்துக்கு வருவோம், எல்லோரும் முதலில் பார்ப்பதும் அதைத்தான். வீடு தேடும் தளங்களில் பத்துக்கு ஒன்பது என்று பச்சை வட்டத்தில் தெரியும் எண்ணில் பெரும்பங்கு தேர்வு மதிப்பெண். அது பள்ளி சொல்லிக்கொடுத்ததைவிட, வீட்டில் இருக்கும் வசதியையும் டியூஷனையும்தான் அதிகம் காட்டுகிறது. ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரியர்டன் 2017இல் சிகாகோ பள்ளிகளைப் பார்த்தார், மதிப்பெண் சராசரி கீழே கிடந்த அந்த ஊரில் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பிள்ளைகள் ஐந்து வருடத்தில் ஆறு வருடப் படிப்பை எட்டியிருந்தார்கள். அதனால் டெக்சஸ் கல்வித் துறை தரும் ஏ முதல் எஃப் வரையான கிரேடில் மொத்தத்தை விட்டுவிட்டு, 'முன்னேற்றம்' என்ற பகுதிக்குத் தனியாக என்ன கிரேடு என்று பாருங்கள்.

ஹைஸ்கூல் பிள்ளை என்றால் இன்னொரு சங்கதி. டெக்சஸில் 1997லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது, பள்ளியில் முதல் பத்து சதவீதத்தில் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம். ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் மட்டும் அது சுருங்கி, 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து முதல் ஐந்து சதவீதம். இப்போது யோசியுங்கள், வகுப்பில் பாதிப் பேர் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே ராத்திரி பன்னிரண்டு வரை படிக்கிற பள்ளியில் ஐந்து சதவீதத்துக்குள் வருவது எவ்வளவு கஷ்டம். பத்தாம் வகுப்பில் வந்து சேர்ந்தால் பழைய ஊரின் ஆனர்ஸ் பாடங்களுக்குக் கூடுதல் எடை கொடுப்பார்களா என்பதும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், இதைக் கவுன்சலரிடம் கேட்காமல் ஹைஸ்கூல் பிள்ளையோடு மாறாதீர்கள். என்னைக் கேட்டால் பத்துக்கு ஏழு வாங்கும் பள்ளியும் நல்ல பள்ளிதான், வாடகையும் குறையும்.

வரி பற்றிச் சுருக்கமாக. டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை என்று சந்தோஷப்பட்டு வருகிறவர்களுக்கு வீடு வாங்கினால் வருடா வருடம் சொத்து வரி பில் வரும், அதில் ஏறத்தாழ பாதி பள்ளிக்கு. நீங்களே குடியிருந்தால் பள்ளி வரியில் ஒரு பகுதி விலக்கு உண்டு, 2023இல் 1,00,000 டாலர், 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு 1,40,000. கணக்குக்கு, 5,00,000 டாலர் வீடு, நூறு டாலருக்கு ஒரு டாலர் பள்ளி வரி என்றால், 3,60,000க்குத்தான் வரி, 3,600 டாலர். விலக்கு தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும், டிரைவிங் லைசென்ஸில் அந்த வீட்டு முகவரியே இருக்க வேண்டும். முதல் வருடம் வாடகைக்கு இருந்து ஊரையும் பள்ளியையும் பார்த்துவிட்டு வாங்குவதே என் கட்சி, ஆனால் லீஸ் ஜூலையில் முடிகிற மாதிரி போடுங்கள்.

ஏனென்றால் நாட்காட்டியும் வேறு. நியூ ஜெர்சியில் ஜூன் கடைசி வரை பள்ளி, செப்டம்பரில் திறப்பு. டாலஸில் மே கடைசியில் மூடி, ஆகஸ்ட் நடுவிலேயே திறந்துவிடுவார்கள். மாறுகிற அந்த ஒரு வருடம் பிள்ளைக்குக் கோடை விடுமுறை ஏழெட்டு வாரம்தான், ஆகஸ்ட் கடைசியில் திரும்புகிற மாதிரி இந்தியா டிக்கெட் போட்டு வைத்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.